கறுத்தக்கொழும்பான் மாவும் அதன் மரபைப் பேணும் முறையும்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் வடிவம்)



நம் வளவுகளில் நிற்கும் மரங்களுள், பனைக்கும் தென்னைக்கும் அடுத்தபடியாக நம் உணவோடும் வாழ்வோடும் ஒன்றிய மரம் மா ஆகும். நிழல் தருவதும், வாயிலிற் கட்டத் தோரணம் தருவதும், காயாகிக் கறிக்கும் பழமாகி விருந்துக்கும் உதவுவதும் அதுவே. அம்மா இனங்கள் பலவற்றுள்ளும் வடபகுதியார் தலையாயதாக மதிப்பது கறுத்தக்கொழும்பான். இன்று அதனைப்பற்றியே பேசக் கருதுகின்றேன். அப்பழத்தின் சுவையை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அம்மரபு பிற இனங்களோடு கலந்து கெடாமலும், அழிந்துபடாமலும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர நாம் என்ன செய்தல் வேண்டும் என்பதே எடுத்துக்கொண்ட பொருள்.

பெயரும் பிறப்பும்

மாமரத்தின் தாயகம் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியையும் பர்மாவையும் அடுத்த நிலம் என்பர் தாவரவியலார். அங்கிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாசியா முழுவதும் மா பரவியது. இலங்கைக்கே உரிய காட்டு மா ஒன்றும் உண்டு. சிங்களத்தில் ‘எட்டம்ப’ என வழங்கும் அது ஈரவலயக் காடுகளில் உயர்ந்து வளர்வது. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதது. எனினும் நாம் பயிரிடும் மாவினங்கள் அக்காட்டு மாவின் வழிவந்தவை அல்ல. நாட்டு மாவும் காட்டு மாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவேறு இனங்கள்.

பழைய மாவினங்கள் ஆராய்ச்சிச் சாலையிற் பிறந்தவை அல்ல. யாரோ ஒருவருடைய வளவில் ஒரு கொட்டை முளைத்தது. அது காய்த்தபோது பழம் அயலிலுள்ள மரங்களின் பழத்தினும் மேலாக இருந்தது. உண்டவர் அதற்கு ஒரு பெயரிட்டனர். அயலாரும் உறவினரும் அதனைப் பெருக்கினர். கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான் எனப் பெயர் பெற்ற இனங்கள் யாவும் மக்களுடைய நாவினாலும் கையினாலும் தெரிவுசெய்யப்பட்டவையே. இவ்வாறு பெயரிடுவதிலும் நம் முன்னோர் நுட்பம் காட்டினர். கறுத்தது, வெள்ளையானது என நிறத்தாற் பிரித்து வழங்கியமையால், ஒத்த தோற்றமுடைய இரண்டு கொழும்பான்களையும் ஒன்றோடொன்று மயங்காமற் காத்தனர்.

மரத்தினதும் பழத்தினதும் இயல்புகள்

கறுத்தக்கொழும்பான் உலர்வலயத்துக்கு உகந்த மரம். மாரிமழை பெய்து ஓய்ந்தபின் தொடர்ந்து வரும் வறட்சியே அதனைப் பூக்கத் தூண்டுகின்றது. ஆதலின் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகிய இடங்களிலும், கிழக்கின் உலர்ந்த நிலங்களிலும், அநுராதபுரம் முதலிய பகுதிகளிலும் அது நன்கு காய்க்கின்றது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஈரவலயத்தில் இலை செழிக்கும், பூ கருகும், காய் குறையும்.

பழம் நடுத்தரப் பருமனுடையது. காய் கரும்பச்சையாக இருக்கும். பழுத்த பின்னரும் தோலிற் பச்சை முற்றாக நீங்காது நிற்பதுண்டு. ஆதலின் தோலின் நிறத்தைமட்டும் நோக்கி இப்பழத்தை மதிப்பிடுவோர் ஏமாறுவர். உள்ளே சதை ஆழ்ந்த மஞ்சளாய், சாறு மிக்கதாய், இனிப்புடன் மணமும் கலந்ததாய் இருக்கும். வெள்ளைக்கொழும்பானின் சதை இதனினும் வெளிறியது. விலாட்டு என்னும் இனம் சிறு பழமுடையது, மரமும் சிறிது, இளமையிலேயே காய்க்கத் தொடங்குவது. அம்பலவி நீண்டு நுனி வளைந்த வடிவினது.

அண்மைக் காலத்தில் ‘ரொம் ஈ.ஜே.சி.’ என்னும் பெரும்பழ இனம் சந்தையில் உயர்ந்த விலை பெற்று, தோட்டமாக நடப்படுகின்றது. அதனை நடுவதில் தவறில்லை. ஆயின் புதியது வந்தது என்பதற்காகப் பழையதைத் தறித்துவிடுதல் பேதைமையாகும். பல தலைமுறையாக இம்மண்ணிலும் இந்நீரிலும் இவ்வெயிலிலும் நின்று பழகிய மரத்தின் குணங்களை விலைக்கு வாங்க முடியாது.

உணவிற் பயன்

மாம்பழமும் பிட்டும் நம் வீடுகளிற் பழகிய காலையுணவு. பழுத்த மாம்பழம் விற்றமின் ‘ஏ’ ஆக மாறும் கரட்டினையும், விற்றமின் ‘சி’யையும் தருவது. பிள்ளைகளின் கண்ணுக்கும் உடலுக்கும் அவை வேண்டியவை. முற்றாத காயைக் கறியாகவும் பச்சடியாகவும் சட்னியாகவும் ஆக்கலாம். உப்பிட்டு வெயிலில் உலர்த்தி வற்றலாகவும் ஊறுகாயாகவும் வைத்துக்கொண்டால், காயில்லாத மாதங்களில் உதவும். பழங்கள் ஒருங்கே மலிந்து விலை இறங்கும் நாட்களிற் சதையைக் கூழாக்கிச் சீனி சேர்த்து ஜாமாகக் காய்ச்சிப் போத்தல்களில் அடைத்தல் குடும்பப் பெண்களுக்கு ஏற்ற சிறு கைத்தொழிலாகும். காற்றுக்கு விழுந்த காயென்று எதனையும் வீசிவிட வேண்டியதில்லை.

கொட்டையா, ஒட்டா?

இனி, இப்பேச்சின் மையமான பொருளுக்கு வருவோம். ‘நல்ல கறுத்தக்கொழும்பான் பழம் ஒன்றைத் தின்று, அதன் கொட்டையைப் புதைத்தேன், எட்டு ஆண்டு நீரூற்றி வளர்த்தேன், காய்த்தபோது அது வேறு மாவாக இருந்தது’ என்று முறையிடும் கமக்காரர் பலர். இதற்குக் காரணம் யாது?

மாமரத்தின் ஒரு பூங்கொத்திலே நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் உள. அவற்றுட் சில ஆண்பூக்கள். சில இருபாற் பூக்கள். ஈக்களும் பிற பூச்சிகளும் ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குக் கொண்டுசெல்கின்றன. ஆகவே கொட்டைக்குள் இருக்கும் கரு, தாய்மரத்தின் குணத்தோடு அயல்மரத்தின் குணமும் கலந்து பிறக்கின்றது. சில மாவினங்களின் கொட்டையில் ஒரே முளைதான் தோன்றும். அது கலப்பு முளை. வேறு சில இனங்களின் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் தோன்றும். அவற்றுட் பல தாயின் இழையத்திலிருந்தே எழுந்தவை. ஆதலால் தாயை ஒத்திருக்கும். ஆயினும் எம்முளை தாயை ஒத்தது, எம்முளை கலப்பானது என்பதைக் கண்ணால் நோக்கி அறிதல் அரிது. காய்க்கும்வரை காத்திருந்தே அறியலாம். அதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும்.

ஒட்டுமரத்தில் இவ்வையம் இல்லை. ஒட்டுமுளை எந்த மரத்திலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்த மரமே புதிய வேரின்மீது மீண்டும் வளர்கின்றது. அதன் பழமும் தாய்ப்பழமே. மூன்று நான்கு ஆண்டுகளிற் காய்க்கவும் தொடங்கும்.

இவ்வுண்மையை விளக்கப் பிறநாட்டுக் கதை ஒன்று சொல்வேன். இங்கிலாந்திலே, நொட்டிங்காம் நகருக்கு அண்மையிலுள்ள சவுத்வெல் என்னும் சிற்றூரில், மேரி ஆன் பிறெயில்ஸ்பட் என்னும் சிறுமி 1809ஆம் ஆண்டில் சில அப்பிள் விதைகளை நட்டாள். அவற்றுள் ஒன்று மரமாயிற்று. பின்னர் அந்த வீட்டையும் தோட்டத்தையும் மத்தேயு பிறம்லி என்னும் இறைச்சி வணிகர் வாங்கினார். 1856ஆம் ஆண்டில், நாற்றுமேடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி மெரிவெதர் என்னும் இளைஞர் அம்மரத்தின் பழத்தின் சிறப்பைக் கண்டு, ஒட்டுமுளை தருமாறு கேட்டார். பழத்துக்குத் தம் பெயரையே இடவேண்டும் என்னும் நிபந்தனையுடன் பிறம்லி இணங்கினார். பெரிதாய், புளிப்பு மிக்கதாய், சமைத்தால் மென்கூழாக உருகும் அந்தப் ‘பிறம்லி’ அப்பிள் இன்று அந்நாட்டின் முதன்மையான சமையல் அப்பிளாக விளங்குகின்றது. அப்பெயருடைய மரங்கள் யாவும் அச்சிறுமி நட்ட ஒற்றை மரத்தின் ஒட்டுவழிச் சந்ததியே. முதல் மரம் ஏறத்தாழ 1900ஆம் ஆண்டிற் புயலில் விழுந்தது; விழுந்த கிளையிலிருந்து மீண்டும் எழுந்தது; பின்னாளிற் பங்கசு நோயும் அதனைத் தாக்கியது. ஆயினும் இனத்துக்குக் கேடு வரவில்லை. ஒட்டின்வழி அது பல்லாயிரம் தோட்டங்களிற் குடியேறிவிட்டமையே காரணம்.

அச்சிறுமியை நாம் புகழலாம். ஆயின் மரம் இன்றுவரை நிலைத்தமைக்குக் காரணம், தக்க காலத்திலே ஒட்டுமுளை கேட்டுச் சென்ற இளைஞரின் முயற்சியும் பெயரைப் பிழையின்றிக் காத்தமையும் ஆகும். நம் கறுத்தக்கொழும்பானுக்கும் இவ்விரண்டுமே வேண்டும்.

இன்றைய இடர்

நம் பகுதியில் இவ்வேலை அவசரமானது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதியிலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்தது. 1995ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக உரியவரிடம் மீண்டன. கவனிப்பாரற்று நின்ற வளவுகளிலே பழைய மரங்கள் சில பட்டுப்போயின, சில வெட்டுண்டன, விழுந்த கொட்டைகள் காடாய் முளைத்து, இன்னவென்று பெயர் தெரியாத மரங்களாயின. எஞ்சிய முதுமரங்களும் புதிய வீடு கட்டவும் வீதி அகலிக்கவும் தறிக்கப்படுகின்றன. ‘இம்மரம் இன்ன இனம்’ என்று சொல்லவல்ல முதியோரும் குறைந்துவருகின்றனர். மறுபுறம், கறுத்தக்கொழும்பான் என்னும் பெயரைமட்டும் கட்டிய கொட்டைக்கன்றுகளை நம்பி வாங்குவோர் பலர். மரமும் போய், பெயரும் பிழைத்தால், பின்னர் தேடிப் பெறுவதற்கு ஒன்றும் இராது.

தாய்மரத் தெரிவு

ஒவ்வொரு கிராமத்திலும் உள்ள நல்ல மரங்களைக் கண்டு குறித்தல் முதல் வேலை. பழம் பழுக்கும் பருவத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும். இலையைமட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. இனத்தை நன்கறிந்த முதியவர் இருவர் மூவரை அழைத்துச் சென்று, பழத்தைப் பறித்து, வெட்டி, உண்டு நோக்குக. பின்வரும் குணங்கள் தாய்மரத்தில் இருத்தல் நன்று:

1. பழத்தின் வடிவும் சதையின் நிறமும் மணமும் இனத்துக்கு உரியனவாய் இருத்தல்.
2. ஓராண்டு நிறையக் காய்த்து மறு ஆண்டு வெறுமையாய் நில்லாது, பெரும்பாலும் ஆண்டுதோறும் காய்த்தல்.
3. கிளை காய்தல், பட்டை வெடித்தல், பூங்கொத்து உருக்குலைந்து திரளுதல் முதலிய நோய்க்குறிகள் இல்லாதிருத்தல்.

ஒரே பருவத்தை நம்பாமல் இரண்டு பருவங்கள் நோக்குதல் சாலச் சிறந்தது. தெரிந்த மரத்துக்கு ஓர் எண் இட்டு, வளவின் பெயர், உரியவர் பெயர், மரத்தின் ஏறத்தாழ வயது ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைக்க. கமக்காரர் அமைப்பின் செயலாளரோ பாடசாலை ஆசிரியரோ இதனைப் பொறுப்பேற்கலாம்.

ஒட்டும் முறை

ஒட்டுக்கட்டைக்கு வலிமையுள்ள நாட்டு மாவின் கொட்டைகளைத் தெரிந்து, சதை நீங்கக் கழுவி, காயவிடாமல் விரைவில் நடுக. மாங்கொட்டை நெடுநாள் முளைதிறனை வைத்திராது. இந்தியத் தோட்டக்கலையிலே வெள்ளைக்கொழும்பான் என்னும் பெயரால் வழங்கும் மா, ஒரு கொட்டையிற் பல முளை தருவதாகவும், ஒட்டப்படும் மரத்தின் உயரத்தைக் குறைக்கவல்ல ஒட்டுக்கட்டையாகவும் ஆராயப்பட்டுள்ளது. சிறு வளவுடையோர் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

கன்றின் தண்டு பென்சிற் பருமன் அடைந்ததும் ஒட்டலாம். ஒட்டுமுளைக்குக் கடந்த பருவத்தில் முற்றிய, நுனியரும்பு பருத்த, ஆனால் விரியாத கிளைநுனியைத் தெரிக. வெட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் முன்னதாக, இலைக்காம்பின் அடி நிற்க இலைகளை நறுக்கிவிடின், காம்புகள் தாமே உதிர்ந்து அரும்புகள் விழித்தெழும். ஒட்டுமுளையின் அடியை இருபுறமும் சீவி ஆப்புப்போல ஆக்குக. ஒட்டுக்கட்டையின் தலையை வெட்டி, நடுவே மூன்று நான்கு சென்ரிமீற்றர் ஆழம் பிளந்து, ஆப்பை அதனுள் இறக்குக. பட்டையின் உள்ளோரம் பட்டையின் உள்ளோரத்தோடு ஒரு பக்கமாயினும் பொருந்துதல் இன்றியமையாதது. பொருந்தாவிடின் ஒட்டுப் பிடியாது. பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, மேலே சிறு பொலித்தீன் உறையிட்டு நிழலில் வைக்க. இரண்டு மூன்று கிழமைகளில் தளிர் காணும். கத்தி கூரியதாகவும் தூயதாகவும் இருக்க வேண்டும்.

ஒட்டியவுடன் கன்றிலே சிட்டை கட்டுக. இனத்தின் பெயர், தாய்மர எண், ஒட்டிய திகதி ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். சிட்டையில்லாத கன்று பெயரில்லாத கன்றே.

தரமற்ற மரத்தைத் திருத்துதல்

வளவில் நிற்கும் நல்ல வளமான, ஆனால் பழம் தரமற்ற மரத்தை அடியோடு தறிக்க வேண்டியதில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் அதன் பெருங்கிளைகளைத் தக்க உயரத்தில் வெட்டி, ஒரு கிளையைமட்டும் மரத்துக்கு உணவூட்ட விட்டுவைக்க. வெட்டிய இடங்களிலே துளிர்க்கும் தளிர்களுள் நன்கு இடைவெளியுள்ள சிலவற்றை நிறுத்தி ஏனையவற்றை நீக்குக. அவை பென்சிற் பருமன் அடைந்ததும், மேற்சொன்ன முறைப்படி கறுத்தக்கொழும்பான் முளையை ஒட்டுக. அடிமரத்தை வெயில் சுடாதபடி சுண்ணாம்பு பூசுக. வேர் முன்னரே ஆழச் சென்றிருப்பதால், புதுக்கன்றினும் விரைவில் இம்மரம் பயன் தரும். மீண்டு வந்த வளவுகளிற் காடாய் நிற்கும் மாமரங்களுக்கு இதுவே தக்க வழி.

நடுகையும் பராமரிப்பும்

கறுத்தக்கொழும்பான் பரந்து வளரும் மரமாதலின் மரத்துக்கு மரம் பத்து மீற்றர் இடைவெளி விடுக. ஒரு மீற்றர் நீள, அகல, ஆழமுள்ள குழி தோண்டி, மேல்மண்ணோடு நன்கு மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, மாரிமழை தொடங்கியதும் நடுக. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனே கிள்ளுக. விட்டுவிடின் அவை ஒட்டை மேவி வளர்ந்து, பழைய நாட்டு மாவே மிஞ்சும்.

முதல் இரண்டு கோடைகளிலும் நீர் ஊற்றுதல் அவசியம். உவர்நீரை மா பொறுக்காது. கிணற்று நீர் உவர்ப்புற்ற இடங்களில் அதனை ஊற்றலாகாது. காய்க்கும் மரத்துக்கு மாரி முடிந்தபின் பூக்கும்வரை நீர் ஊற்றாதிருத்தலே முறை. காய் பிடித்தபின் நீர் கொடுத்தால் பிஞ்சு உதிர்வது குறையும். அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளைகளையும், மரத்தின் உள்ளே வெளிச்சம் புகாமல் நெருங்கியவற்றையும் நீக்கிப் பசளை இடுக. பூக்கத் தூண்டும் மருந்துகளை விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனை இன்றி மண்ணில் ஊற்ற வேண்டாம்.

பூக்கும் காலத்துக் காவல்

தை, மாசி மாதங்களிற் பூக்கும்போது பனியும் மழைத்தூறலும் இருந்தால், அந்திரக்நோஸ் என்னும் பங்கசு நோய் பூங்கொத்தைக் கருக்கும்; பின்னர் பழத்திலும் கரும்புள்ளியாகத் தோன்றும். காய்ந்த சுள்ளிகளிலே அப்பங்கசு தங்கியிருப்பதால், அவற்றை முன்னரே வெட்டி எரித்தல் முதற் காப்பாகும். தத்திப் பூச்சிகள் பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கழிவைச் சிந்தும். அதன்மேற் கரும்பூஞ்சணம் படரும். மருந்து தெளிப்பதாயின் மொட்டு நிலையிலே தெளிக்க. பூ விரிந்தபின் தெளித்தால், மகரந்தம் சுமக்கும் ஈக்களும் மடிந்து காய் குறையும்.

பழ ஈ முற்றிய காயைத் துளைத்து முட்டையிடுவது. புழு சதையைத் தின்று, பழம் விழுந்ததும் மண்ணுட் சென்று கூட்டுப்புழுவாகின்றது. ஆகையால் விழுந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி இரண்டடி ஆழத்திற் புதைக்க. காய்கள் கோழிமுட்டைப் பருமனைக் கடந்ததும் கடதாசி உறையிட்டுக் கட்டுதல், சிறு வளவுக்கு ஏற்ற, நஞ்சற்ற காப்பு முறை. மீதைல் இயூஜினோல் வைத்த பொறி ஆண் ஈக்களைக் கவர்ந்து அழிக்கும். அயலார் அனைவரும் ஒருங்கே வைத்தாலே அதன் பயன் நிறைவாகும்.

அறுவடையும் பழுக்க வைத்தலும்

பூத்ததிலிருந்து ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு மாதங்களிற் காய் முற்றும். காம்படியின் இருபுறத் தோள்களும் உயர்ந்து காம்பு குழிந்து நிற்பதும், நீரிலிட்டால் காய் தாழ்வதும் முற்றியமைக்கு அடையாளங்கள். கொக்கத்தடியால் அடித்து வீழ்த்தும் காய் அடிபட்டு அழுகும். தடியின் நுனியில் வலைப்பை கட்டி, காம்பு சிறிது நிற்கப் பறித்து, பின்னர் காம்பை நறுக்கித் தலைகீழாக வைத்துப் பாலை வடியவிடுக. பால் பட்ட இடம் கறுத்து விலை குறையும். 52 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி ஆறவிட்டால், தோலில் உறங்கும் அந்திரக்நோஸ் அடங்கும்.

முற்றிய காய் வைக்கோற் படுக்கையில் தானே சில நாட்களிற் பழுக்கும். கல்சியம் காபைட்டு இட்டுப் பழுக்க வைத்தல் உண்போரின் உடல்நலத்துக்குக் கேடு. அவ்வாறு பழுத்த முற்றாக் காயில் நிறமிருக்கும், சுவை இராது. அதனை உண்டவர் மறுமுறை கறுத்தக்கொழும்பான் என்னும் பெயரையே நம்பார்.

செய்யவேண்டியவை

பெருமக்களே, சொன்னவற்றை மூன்று வேண்டுகோளாகத் தொகுத்துச் சொல்வேன். வரும் மாம்பழப் பருவத்தில் உங்கள் கிராமத்துத் தாய்மரங்களை முதியோரைக் கொண்டு கண்டு குறியுங்கள். முதுமரம் ஒன்றைத் தறிக்க நேர்ந்தால், கோடரி வைக்குமுன் அதன் ஒட்டுமுளைகளை எடுத்துக்கொள்ளுமாறு அயலாருக்கும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கும் அறிவியுங்கள். கன்று வாங்கும்போது ஒட்டிய இடத்தையும் சிட்டையையும் கண்ணாற் கண்டே வாங்குங்கள்.

நம் முன்னோர் நமக்குத் தந்தது நல்ல பழமும் பிழையற்ற பெயரும். அவ்விரண்டையும் ஒருங்கே நம் மக்கள் கையிற் கொடுப்பது நம் கடன்.